‘நீ எப்போ ரெடின்னு சொல்றியோ, அப்போ பெத்துக்கலாம்’ என்கிறார் கணவர்... நான் எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி: எனக்கு 28 வயது. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை. கணவருக்கு 31, பம்ப் கம்பெனியில் இன்ஜினீயர். திருமணமாகி இரண்டரை வருடம் ஆகிறது. வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் டீம் லீட் ஆக வாய்ப்பிருக்கிறது. 22 வயதில் ஸ்கேன் பார்த்தபோது நீர்க்கட்டி என்றார்கள். இப்போதும் மாதவிலக்கு 35 நாள், 45 நாள் என்று தள்ளித்தான் வருகிறது. ‘சீக்கிரம் பெத்துக்கோ, இல்லேன்னா அப்புறம் கஷ்டம்’ என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஈரோட்டுக்குப் போனால் மாமியார், ‘ஏனம்மிணி, ஏதாச்சும் விசேஷமா?’ என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே கேட்கிறார். நாள் கணக்குப் பார்த்துத் தவிர்த்து வருகிறோம். எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும். ஆனால் நான் பிறந்ததும் வேலையை விட்ட என் அம்மா, பிறகு வேலைக்கே போகவில்லை. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. கணவரிடம் கேட்டால், ‘நீ எப்போ ரெடின்னு சொல்றியோ, அப்போ பெத்துக்கலாம்’ என்கிறார். கடன் குறையட்டும், பதவி உயர்வு வரட்டும், மனசு தயாராகட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். தயாராகிவிட்டோம் என்பது எப்படித் தெரியும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

மகப்பேறு மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குள் போவதற்கு முன்னால் ஒன்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். நாள் கணக்குப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். அடுத்த மாதவிலக்கு எப்போது வரும் என்று தெரிந்தால்தான் அந்த நாளைக் கணக்கிட முடியும். உங்களுக்கோ ஒரு மாதம் 35, ஒரு மாதம் 45. பாதுகாப்பான நாள் என்று நீங்கள் குறித்து வைத்திருப்பது வெறும் ஊகம். இதுவரை தப்பியது அதிர்ஷ்டம். யோசித்து முடிவெடுக்க நினைக்கும் உங்களுக்கு, யோசிக்க விடாமல் ஒரு கர்ப்பம் வந்து நிற்கக்கூடாது. ஆணுறையை ஒவ்வொரு முறையும் தவறாமல் பயன்படுத்தலாம். கருத்தடை மாத்திரை எடுத்தால் மாதவிலக்கும் ஒழுங்காக வரும்; தீராத ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், ரத்தம் உறையும் தொந்தரவு ஏதும் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டுவிட்டுத்தான் அதை எழுதித் தருவார். முதல் குழந்தைக்கு முன்னால் காப்பர்-டி போடக்கூடாது, மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே தங்காது என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டும் உண்மையல்ல. நிறுத்தியதும் பெரும்பாலான பெண்களுக்குக் கருத்தரிக்கும் தன்மை விரைவிலேயே திரும்பிவிடும்.

அடுத்து, நீர்க்கட்டி. 22 வயதில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கியதிலிருந்து நீங்கள் மனசுக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டு வாழ்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஸ்கேனில் தெரிவது ஆபத்தான கட்டி எதுவும் இல்லை. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள்தான் அவை. முட்டை தாமதமாக வெளியாகிறது, சில மாதம் வெளியாவதே இல்லை. அதனால் கருத்தரிக்கக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகலாம். பிள்ளை பிறக்காது என்று அதற்கு அர்த்தமில்லை. உடல் எடை அதிகமிருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பல பெண்களுக்கு முட்டை வெளியாகத் தொடங்கிவிடுகிறது. அதற்கும் வரவில்லை என்றால் லெட்ரோசோல் போன்ற மாத்திரையைச் சில நாள் கொடுத்து முட்டையை வளர்க்கிறோம். நெடுஞ்சாலை நெடுகக் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்க்கும் பெண்களுக்கு, நீர்க்கட்டி என்றாலே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) என்ற பயம் வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் அதுவரை போக வேண்டியதே இல்லை. யாராவது கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கச் சொன்னால் இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். இயல்பாகக் கருத்தரிப்பீர்களா என்பதை அந்த எண் முன்கூட்டிச் சொல்லாது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் அதிகமாகவே காட்டும்.

வயதைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பெண்ணின் கருத்தரிக்கும் திறன் 32 வயதுவாக்கில் மெல்லக் குறையத் தொடங்குகிறது. 37-க்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. டவுன் சின்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 30 வயதில் 900-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒரு கணக்கு உங்களைப் போன்றவர்களுக்கு உதவும். ஐ.வி.எஃப். இல்லாமல் ஒரு குழந்தை பெற 90 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் பெண் 32 வயதுக்குள் முயற்சியைத் தொடங்க வேண்டும். இரண்டு குழந்தை வேண்டுமானால் 27-க்குள். 75 சதவீத வாய்ப்பு போதும் என்றால், எத்தனை குழந்தை என்பதைப் பொறுத்து, 4 முதல் 11 வருடம் வரை தள்ளித் தொடங்கலாம். ஆகவே ‘எப்போது’ என்று பேசுவதற்கு முன்னால் ‘எத்தனை’ என்று பேசுங்கள். பல தம்பதிகள் இதைப் பேசுவதே இல்லை. ஒன்று போதும் என்றால் 28 வயதில் உங்களுக்கு நிதானமாக யோசிக்க அவகாசம் இருக்கிறது. இரண்டு வேண்டும் என்றால், ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். உங்கள் உடம்பு இன்றைக்கே அவசரப்படுத்தவில்லை. ஐந்தாறு வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை.

கடன் விஷயத்தில் நீண்ட விளக்கம் தேவையில்லை. வீட்டுக்கடன் 15, 20 வருடம் ஓடும். அது முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. நீங்கள் சம்பளமில்லாத விடுப்பில் மூன்று நான்கு மாதம் கூடுதலாக இருக்க நேர்ந்தால், ஒரே சம்பளத்தில் தவணையும் கட்டி வீட்டுச் செலவும் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றால் அந்த மூன்று நான்கு தவணைப் பணத்தை முன்கூட்டியே தனியாகச் சேர்த்து வையுங்கள். கம்பெனி இன்ஷூரன்ஸில் பிரசவச் செலவு எவ்வளவு வரை உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக எடுக்கும் பாலிசிகளில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, சிலவற்றில் வருடக்கணக்கில். கர்ப்பமான பிறகு எடுத்தால் பயன்படாது.

பதவி உயர்வு அடுத்த வருடம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவரை காத்திருப்பதில் தவறே இல்லை. பலரிடம் நான் பார்ப்பது, டீம் லீட் ஆனதும் ‘மேனேஜர் ஆகட்டும்’ என்று அடுத்த படி வந்து உட்கார்ந்துகொள்வதை. உங்கள் கம்பெனியிலேயே பிரசவ விடுப்பு முடித்துத் திரும்பிய இரண்டு பெண்களைப் பிடித்துக் கேளுங்கள்: திரும்பியபோது அதே புராஜெக்ட் கிடைத்ததா, அந்த வருட ஹைக் என்ன ஆனது, பால் எடுத்து வைக்க இடம் இருந்ததா? எச்.ஆர். தரும் கையேட்டைவிட அவர்கள் சொல்வது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி. ‘நான் பிறந்ததும் வேலையை விட்ட என் அம்மா.’ கடன், பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பயம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது நியாயமான பயம். நீங்கள் சிறுவயதிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்தது இது. யாரும் சொல்லிக் கற்றுக்கொண்டதில்லை. உங்கள் அம்மாவின் காலத்தில் சட்டப்படி சம்பளத்தோடு கிடைத்த மகப்பேறு விடுப்பு 12 வாரம். மூன்று மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பெண் வேலையை விடுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் அது உங்கள் உரிமை. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக்கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். கர்ப்பமான பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது உங்களுக்கு எளிது.

ஆனால் சட்டம் விடுப்பு கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. 27-வது வாரம் குழந்தையை யார் தூக்கிக்கொள்வது? அப்பாவுக்கு என்று பார்த்தால், மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை, கம்பெனி மனம் வைத்தால்தான்.

இதோடு நம் ஊர் வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போவாள், தலைப்பிரசவம் அங்கேதான், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புவாள். பெண்ணுக்கு ஓய்வும் பத்தியச் சாப்பாடும் அம்மாவின் கைப்பக்குவமும் கிடைக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழுது எழுந்து பாலுக்குத் தேடுகிற, தாய்க்குத் தையல் வலிக்கிற, மார்பில் பால் கட்டிக்கொள்கிற, காரணமில்லாமல் கண்ணீர் வருகிற அந்த முதல் வாரங்களில் அப்பா என்பவர் சனிக்கிழமை சாயங்காலம் பழக்கூடையோடு வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பிப் போகிற விருந்தாளியாக இருக்கிறார். துணி மாற்றவோ, ஏப்பம் விட வைக்கவோ, எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று பிரித்தறியவோ அவருக்குப் பழக்கமாவதே இல்லை. ஐந்தாம் மாதம் நீங்கள் திரும்பி வரும்போது எல்லாம் தெரிந்தவர் நீங்கள், ‘எனக்கு அதெல்லாம் வராது’ என்பவர் அவர். பெரும்பாலான வீடுகளில் வேலை போகும் கதை அங்கேதான் தொடங்குகிறது. அம்மா வீட்டுக்குப் போவதானால் முதல் மூன்று வாரமாவது அவரும் அங்கே இருக்கட்டும், ராத்திரி ஒரு முறையாவது எழுந்து குழந்தையை அவர் தூக்கட்டும். அல்லது உங்கள் அம்மா கோவைக்கு வரட்டும். மாப்பிள்ளை மாமியார் வீட்டில் தங்கினால் ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் அடங்கிவிடும்.

அதனால்தான் உங்கள் கணவர் சொல்லும் பதிலுக்கு வருகிறேன். ‘நீ எப்போ ரெடின்னு சொல்றியோ, அப்போ.’ அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். வற்புறுத்தக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பல பெண்களுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்தப் பதில் முடிவெடுக்கும் பாரம் முழுவதையும் உங்கள் ஒருத்தி தலையில் வைத்துவிடுகிறது. நாளைக்கு நீங்கள் ‘சரி’ என்றால், பின்னால் வரும் ஒவ்வொரு சிரமமும் ‘நீதானே சொன்னே’ என்று ஆகிவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ‘இப்போ வேண்டாம்’ என்றால், குழந்தை தள்ளிப்போவதற்கும் நீங்களே பொறுப்பு. அவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய பதில் என்ன? அவருக்குக் குழந்தை வேண்டுமா, எப்போது வேண்டும், அதற்காக அவர் தன் வேலையில், தூக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் எதை விட்டுக்கொடுப்பார்? இதைக் கேட்காமல் நீங்கள் தயாரா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது, தெரியவும் முடியாது.

திட்டமிட்டு ஆலோசனைக்கு வரும் இளம் தம்பதிகளிடம் நான் ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதச் சொல்வதுண்டு. குழந்தைக்கு எட்டு மாதம். செவ்வாய்க்கிழமை. விடியற்காலை நாலு மணிக்கு 102 டிகிரி காய்ச்சல். இரண்டு பேருக்கும் பத்து மணிக்கு ஆபீஸில் மீட்டிங். அன்று ராத்திரி வரை நீங்கள் என்னென்ன செய்வீர்கள்? ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுத வேண்டும். ஒரு தம்பதியில் கணவர் எழுதியது இரண்டு வரி: ‘டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். அம்மாவை வரச் சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பிருவேன்.’ மனைவியின் தாள் நிறைந்து பின்பக்கம் போயிருந்தது. தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, ஈரத்துணி, மேனேஜருக்கு மெசேஜ், ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்த பால், அத்தை பஸ் ஏறி வந்து சேர பதினோரு மணியாகும், அதுவரை யார், வந்தவருக்கு மத்தியானச் சாப்பாடு, அடுத்த நாள் விடுப்பு மிச்சம் இருக்கிறதா... தாள்களை மாற்றிக்கொண்டார்கள். அவர் மனைவியின் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, ‘பால் எடுத்து வைக்கறது ஆபீஸ்லயேவா? எங்க உட்கார்ந்து எடுப்பே?’ என்று கேட்டார். அந்தக் கேள்வி அவருக்கு அன்றுதான் வந்திருக்கிறது. அதன் பிறகு அவர்கள் பேசியது எந்தப் பரிசோதனையையும்விட உபயோகமாக இருந்தது. நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை இதை எழுதிப் பாருங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. வேறுபடும் இடத்தில் உட்கார்ந்து பேச அவர் வருகிறாரா என்று பாருங்கள். வருகிறார் என்றால், நான் அதையே பெரிய தயார்நிலை என்று எடுத்துக்கொள்வேன்.

மனசு தயாராகட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் முழுதாக விலகி, ஒரு நாள் காலையில் எழுந்தால் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வருடக்கணக்கில் ஏங்கிக் கருத்தரித்த பெண்கள்கூட, ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்த்த அன்று ‘என்னால முடியுமா டாக்டர்?’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பயமும் ஆசையும் சேர்ந்தே இருக்கலாம். ஆசையே இல்லை, மற்றவர்கள் வாயை அடைக்கத்தான் என்றால், அது குழந்தை பெற்றுக்கொள்ளக் காரணமாகாது. வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுப்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது ஆசையின்மை இல்லை. தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற கவலை. முன்பு எப்போதாவது மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் மட்டும் அதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அது திரும்ப வர வாய்ப்பு அதிகம், முன்கூட்டியே தெரிந்தால் கவனித்துக்கொள்ள முடியும்.

என் ஆலோசனை இது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதற்குப் பதில் ஒரு மாதத்தைக் குறியுங்கள். பதவி உயர்வு முடிவு தெரியும் மாதமாக அது இருக்கட்டும். அதுவரை உறுதியான கருத்தடை. அதற்கு மூன்று மாதம் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கணவரும் உள்ளே வந்து உட்காரட்டும், வெளியே வராந்தாவில் போன் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். உங்களுக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தப் பிரிவு பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது, நீர்க்கட்டி உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறும் வாய்ப்பும் அதிகம். கருவைப் பாதிக்கும் ருபெல்லா அம்மைக்கான தடுப்பூசி போட வேண்டியிருந்தால் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்க முயல வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முயற்சி தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள், தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான குழாய், கருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. உங்களுக்கோ கர்ப்பம் என்று தெரியவே அதற்கு மேல் ஆகும். உங்கள் கணவருக்குப் புகையிலை, மது பழக்கம் இருந்தால் அந்த மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் பிடிக்கிறது. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும். பொதுவாக ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு வரச் சொல்வோம். மாதவிலக்கு தள்ளி வரும் உங்களுக்கு ஆறு மாதம் போதும், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் நம் மாநிலத்தில் நான்கில் ஒருவருக்கும் மேல். கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள். குடும்பத்தில் காது கேளாமை, வலிப்பு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய், சிறுவயது மரணம் இருந்திருந்தால் அவசியம்.

கடைசியாக, மாமியார். அவருக்குப் பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை, உங்கள் கணவரின் வேலை. அடுத்த முறை ஈரோட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் போனில் சொல்லிவிடட்டும்: ‘அம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கறோம். நேரம் வர்றப்ப நானே சொல்றேன். இனி அவகிட்டக் கேக்காதீங்க, எங்கிட்டக் கேளுங்க.’ கோபமில்லாமல், ஆனால் விடாமல் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியும் வரலாம்.